180 மீட்டர்ல இருக்குற ஸ்கூலுக்கு 2.3 கிலோமீட்டர் சுத்துறோம். புது ஏரியாக்கள்ல தெருக்கள் ஏன் ஒன்னோட ஒன்னு சேர மாட்டேங்குது?

மாம்பாக்கம்ரோடு:

எல்லாருக்கும் வணக்கம். சென்னைல மேடவாக்கத்துல இருந்து மாம்பாக்கம் போற ரோட்டுல ஒரு லேஅவுட்ல 2019-ல வீடு கட்டி குடிவந்தோம். எங்க மொட்டை மாடில நின்னா பையன் படிக்கிற ஸ்கூல் கிரவுண்டு அப்படியே தெரியும், காலைல பிரேயர் மைக் சத்தம் கூட கேக்கும். மேப்ல நேரா கோடு போட்டு அளந்தேன், 180 மீட்டர் தான். ஆனா எங்க தெருக் கடைசில ஒரு காம்பவுண்டு சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து லேஅவுட்டோட தெரு, அதுவும் இதே சுவர்ல வந்து முட்டி நிக்குது. ரெண்டு தெருவும் நேருக்கு நேர், நடுவுல ஒரு சுவர் மட்டும். அதனால என் பையன் மெயின் ரோட்டுக்கு வந்து, தண்ணி லாரி, கம்பெனி பஸ், காலேஜ் பஸ் எல்லாத்துக்கும் நடுவுல போயி, அடுத்த லேஅவுட் ஆர்ச்சுல திரும்பி, உள்ள போயி ஸ்கூலை அடையணும். 2.3 கிலோமீட்டர். ஆறாங்கிளாஸ் பையனை சைக்கிள்ல அந்த ரோட்டுல விட மனசு வரல, நானே வண்டில கொண்டு விடுறேன், எங்க லேஅவுட்ல இருந்து மட்டும் இருபது வண்டியாவது இதே வேலைக்குக் கிளம்புது.

நான் வளர்ந்தது மேற்கு மாம்பலம். அங்க ஒரு தெருவ அடைச்சு பந்தல் போட்டா அடுத்த தெரு வழியா போயிடுவோம், எந்த வீட்டுக்கும் நாலு வழி இருக்கும். இங்க பணம் கூட கொடுத்து வாங்கி, அப்ரூவ்டு மனை, 24 அடி ரோடு, எல்லாம் இருந்தும் ஒரே ஒரு வாசல். சிட்டி வெளிய வளர வளர ஏன் இப்படி ஆகுது? தெரு சேர வேண்டாம்னு யாராவது முடிவு பண்ணாங்களா, இல்ல தானா அப்படி ஆகுதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, இந்த சுவருக்கு எதாவது வழி இருக்கான்னும் சொல்லுங்க.

படம்வரைஞ்சவன்:

அக்கா, நான் பதினோரு வருஷம் மனைப்பிரிவு படம் வரைஞ்ச ஆளு, செங்கல்பட்டு காஞ்சிபுரம் பக்கம் எத்தனையோ லேஅவுட் என் கைல வரைஞ்சிருக்கேன், அதனால உள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன்.

புரமோட்டர் கிட்ட நிலம் ஒழுங்கான சதுரமா வராது. ஒரு விவசாயி வித்த மூணு ஏக்கர், அவரோட தம்பி வித்த ஒன்னே முக்கால், நடுவுல விக்காத ஒருத்தர், இப்படி சர்வே நம்பர் எப்படி கோணிக்கிட்டு போகுதோ அப்படித்தான் நிலம் கிடைக்கும். அந்த எல்லைக்குள்ள எத்தனை மனை புடிக்கலாம்னு தான் முதல் கேள்வி. 10 சதவீதம் ஓஎஸ்ஆருக்கு, அதாவது பொதுத் திறந்தவெளிக்கு விடணும், ரோடை தான பத்திரம் போட்டு ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ கொடுக்கணும், மிச்சம் தான் காசு. ரோடு பக்கத்து நிலம் வரைக்கும் போயி திறந்து இருக்கணும்னா அந்த இடத்துல ஒரு மனை குறையும். ஒரு மனைன்னா அந்த ஏரியால இன்னைக்கு என்ன விலைன்னு உங்களுக்கே தெரியும். அப்போ "ரோடை இங்கயே நிறுத்து, கடைசில ரெண்டு மனை போடு"ன்னு தான் சொல்வாங்க. என்னயும் சொன்னாங்க, நானும் போட்டேன், இப்ப நினைச்சா கஷ்டமா தான் இருக்கு.

இன்னொன்னு இருக்கு, இது நிறைய பேருக்குத் தெரியாது. சில படத்துல ரோடு எல்லை வரைக்கும் போற மாதிரி இருக்கும், ஆனா கடைசில ஒரு அடி அகலத்துக்கு ஒரு துண்டு நிலத்தை மட்டும் பத்திரத்துல சேர்க்காம புரமோட்டர் பேர்லயே வச்சிருப்பாங்க. ரோடு ஊராட்சியோடது, அந்த ஒரு அடி அவரோடது. பக்கத்து நிலத்துக்காரன் நாளைக்கு மனை போட்டு "உங்க ரோட்டுல சேர்த்துக்கறேன்"னு வந்தா அந்த ஒரு அடிக்கு ஒரு விலை. விலை படியலைனா சுவர். உங்க சுவர் அந்த மாதிரி துண்டு மேல நிக்குதா, இல்ல ரோடு மேலயே கட்டியிருக்காங்களான்னு முதல்ல பாருங்க, ரெண்டும் வேற வேற கேஸு.

அதுக்கு முன்னாடி பஞ்சாயத்து அப்ரூவ்டுன்னு வித்த காலம் இன்னும் மோசம். ஊராட்சி சீல் ஒன்னு இருந்தா போதும், 16 அடி, 20 அடின்னு எந்த ரோடும் எதோடயும் சேராது. 2016-ல ஹைகோர்ட்டு அந்த மாதிரி மனைகளை பதிய தடை போட்டுச்சு, 2017-ல வரன்முறைத் திட்டம் வந்துச்சு. வரன்முறைனா என்ன, பணம் கட்டி மனை சட்டப்படி ஆகும், கோணல் ரோடு கோணலாவே தான் இருக்கும். முட்டுச்சந்து முட்டுச்சந்து தான்.

கணக்கு_மிஸ்:

மேல சொன்னது எப்படி ஒரு ஊரையே மாத்துதுன்னு நான் கொஞ்சம் சொல்றேன், நான் கணக்குப் பாடம் எடுக்குறவ, இந்த விஷயத்துல ரொம்ப நாளா ஆர்வம்.

தெருக்கள் சேருற இடத்தை ஒரு புள்ளின்னு வச்சுக்கங்க. முட்டுச்சந்துல இருந்து ஒரு தெரு தான் கிளம்பும், முச்சந்தில மூணு, நாற்சந்தில நாலு. ஒரு ஏரியால இருக்குற எல்லா புள்ளிக்கும் சராசரி எடுத்தா அந்த ஏரியா எவ்வளவு பின்னி இருக்குன்னு தெரிஞ்சிடும். இன்னொரு விதமா பாத்தா, 10-க்கு 10 கட்டம் போட்ட ஏரியால 100 சந்திப்பு, 180 தெருத்துண்டு. அதே 100 சந்திப்பை மரத்தோட கிளை மாதிரி பிரிச்சீங்கன்னா 99 துண்டு தான் வரும், அதுல எந்த ஒரு துண்டை வெட்டினாலும் அதுக்குப் பின்னாடி இருக்குறவங்க எல்லாம் துண்டிச்சுப் போயிடுவாங்க. கட்டத்துல ஒரு தெருவ அடைச்சா யாருக்கும் ஒன்னும் ஆகாது. நீங்க மேற்கு மாம்பலத்துல பந்தல் போட்டப்ப பாத்தது இதைத்தான்.

சுத்துற தூரத்துக்கும் கணக்கு இருக்கு. நல்ல கட்டம் போட்ட ஊர்ல எந்த சந்திப்புல இருந்து எந்த சந்திப்புக்குப் போனாலும் நேர் தூரத்தை விட அதிகபட்சம் 1.41 மடங்கு தான் நடக்கணும். உங்களுக்கு 180 மீட்டருக்கு 2,300 மீட்டர், அதாவது 12 மடங்குக்கு மேல. ஊர் பெருசானதால வந்த தூரம் இல்ல இது, ஒரு சுவரால வந்த தூரம்.

யாராவது முடிவு பண்ணாங்களான்னு கேட்டீங்க. அமெரிக்கால முடிவே பண்ணாங்க. 1929-ல நியூஜெர்சில ராட்பர்ன்னு ஒரு புறநகர் கட்டினாங்க, கார் வர்ற தெரு எல்லாம் முட்டுச்சந்து, ஆனா வீட்டுக்குப் பின்னாடி பார்க் வழியா நடைபாதை, ரோட்டுக்கு அடியில சுரங்க வழி, பிள்ளைங்க காரையே பாக்காம ஸ்கூல் போகலாம். 1930-கள்ல வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தர்ற அரசு நிறுவனம் கட்டம் கட்டமா தெரு போடாதீங்க, முட்டுச்சந்து நல்லதுன்னு சிபாரிசு பண்ணுச்சு. கடன் வேணும்னா அப்படித்தான் வரையணும்னு ஆச்சு. பின்னாடி வந்தவங்க முட்டுச்சந்தை மட்டும் எடுத்துக்கிட்டாங்க, நடைபாதையை விட்டுட்டாங்க. பாரிங்டன்-லீ, மில்லார்ட்-பால்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்காவோட கிட்டத்தட்ட நூறு வருஷ தெருக்களை எடுத்து 2015-ல ஒரு கட்டுரை போட்டாங்க, புதுசா போடுற தெருக்கள் வருஷா வருஷம் துண்டாகிக்கிட்டே போயி 1990-கள் நடுவுல உச்சத்துக்கு வந்து அப்புறம் மெல்ல திரும்பியிருக்கு. வர்ஜீனியா மாநிலம் 2009-ல ஒரு விதி கொண்டு வந்துச்சு, புது குடியிருப்போட தெரு பக்கத்து தெருவோட சேரலைனா அரசு அதைப் பராமரிக்காதுன்னு. எனக்கு அது ரொம்ப புடிச்ச விதி, ஏன்னா காசு எங்க இருக்கோ அங்க கை வைக்குது.

அதே ரெண்டு பேரும் 2020-ல உலகம் முழுக்க பாத்தாங்க. ஜப்பான், தென் கொரியா, லத்தீன் அமெரிக்கால பெரும்பகுதி இன்னும் சேர்ந்த தெருக்களாவே போட்டுக்கிட்டு இருக்காங்க, ஆனா உலகத்தோட பெரும்பகுதில 1975-ல இருந்து புது தெருக்கள் மேல மேல துண்டாகிட்டே வருது, அதுல தென்கிழக்கு ஆசியா பக்கம் கேட் போட்ட குடியிருப்புகள் பெரிய காரணம். இதுல முக்கியமா நான் நினைக்கிறது என்னன்னா, வீடு அறுபது வருஷத்துல இடிஞ்சு திரும்ப கட்டப்படும், கடை மாறும், பஸ் ரூட் மாறும், தெரு மட்டும் மாறவே மாறாது. ஜார்ஜ் டவுன்ல வெள்ளைக்காரன் காலத்துல போட்ட நேர்த்தெருவுல தான் நாம இன்னைக்கும் நடக்குறோம். இன்னைக்கு உங்க ஏரியால வரையுற படம் 200 வருஷத்துக்கு இருக்கும்.

அமைதியான_தெரு:

எல்லாரும் முட்டுச்சந்தை திட்டுறீங்க, நான் அதுல குடியிருக்கேன், எனக்கு அது வேணும். எங்க தெருவுல பசங்க சாயங்காலம் கிரிக்கெட் விளையாடுறாங்க, சின்னக் குழந்தை வாசல்ல நடை பழகுது, ராத்திரி தெரியாத ஆள் வந்தா உடனே தெரியும். பக்கத்து ஏரியால ரெண்டு மெயின் ரோடை சேர்க்குற தெரு ஒன்னு இருக்கு, கூகுள் மேப் பாத்து எல்லா கேபும் அதுக்குள்ள புகுந்து வருது, அங்க ஒரு பாட்டியை வண்டி தட்டிடுச்சு. அந்த தெருக்காரங்க கேட் போட்டதுல என்ன தப்பு? மாம்பாக்கம்ரோடு சகோதரி, உங்க சுவரை இடிச்சா நாளைக்கு ரெண்டு லேஅவுட்டுக்கும் நடுவுல தண்ணி லாரி ஓடும், அப்ப இதே ஃபோரத்துல நீங்க வேற கேள்வி கேப்பீங்க.

மாம்பாக்கம்ரோடு:

நீங்க சொல்றது எனக்குப் புரியுது, எங்க அசோசியேஷன்லயும் இதையே தான் சொல்றாங்க. ஆனா நான் கேக்குறது லாரி போற வழி இல்ல, ஒரு பையன் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு போற அளவுக்கு ஒரு சந்து. அதுக்கு ஏன் மறுக்கணும்?

கணக்கு_மிஸ்:

அமைதியான_தெரு, உங்க பயம் நியாயம். அதுக்கான பதில் வண்டிக்கு ஒரு வழி, காலுக்கு ஒரு வழின்னு பிரிக்கிறது தான். நெதர்லாந்துல யூட்ரெக்ட் பக்கத்துல ஹவுட்டன்னு ஒரு ஊர், காரு ஒரு பேட்டைல இருந்து இன்னொரு பேட்டைக்குப் போகணும்னா வெளிய சுத்து ரோட்டுக்கு வந்து தான் போகணும், ஆனா சைக்கிளும் நடக்குறவங்களும் ஊருக்கு நடுவுல நேரா போவாங்க. காருக்கு எல்லாமே முட்டுச்சந்து, குழந்தைக்கு எதுவுமே முட்டுச்சந்து இல்ல. சுவர்ல அஞ்சு அடிக்கு ஒரு திறப்பு, நடுவுல ஒரு கல்தூண், அவ்வளவு தான். உங்க தெரு அமைதியும் கெடாது. நம்ம ஊர்ல தலைகீழா இருக்கு, காரு எப்படியும் சுத்திப் போயிடும், நடக்குறவன் தான் மாட்டிக்கிறான்.

அப்புறம் அந்த கேப் புகுந்த தெரு பத்தி சொன்னீங்க. சுத்தி இருக்குற பத்து தெருவும் அடைபட்டு அது ஒன்னு மட்டும் திறந்து இருந்தா எல்லாரும் அதுல தான் வருவாங்க. பத்தும் திறந்து இருந்தா ஒவ்வொன்னுலயும் கொஞ்சம் கொஞ்சம் தான் வரும்.

ஓஎம்ஆர்_பஸ்காரி:

இதுக்கு ஓஎம்ஆரை (பழைய மகாபலிபுரம் ரோடு) விட பெரிய உதாரணம் வேண்டாம். மத்திய கைலாஷ்ல இருந்து சிறுசேரி வரைக்கும் சுமார் 20 கிலோமீட்டர், ஆறு லேன், 2008-ல திறந்தப்ப எவ்வளவு பெருமையா பேசினோம். ஆனா பக்கத்துலயே அதுக்கு இணையா முழுசா ஓடுற தெரு இல்ல. கிழக்க பக்கிங்காம் கால்வாய், அதைத் தாண்டி ஈசிஆருக்கு (கிழக்குக் கடற்கரைச் சாலை) போக பாலம் ரொம்ப கம்மி, மேற்க பள்ளிக்கரணை சதுப்பு நிலம், அது இயற்கை, அதுல ரோடு போடக் கூடாது, சரி. ஆனா கம்பெனிகளும் அபார்ட்மெண்ட்டுகளும் ஒவ்வொன்னும் தனித்தனி சுவர் போட்டு தனித்தனி கேட்டை ஓஎம்ஆர்ல திறந்து வச்சிருக்கே, அது இயற்கை இல்லையே. பக்கத்து பில்டிங்குல சாப்பிடப் போகணும்னா கூட மெயின் ரோட்டுக்கு வந்து தான் போகணும். இப்ப மெட்ரோ வேலைக்கு ரோட்டுல பாதியை அடைச்சதும் என்ன ஆச்சுன்னு அதுல தினம் போறவங்களுக்குத் தெரியும். தி.நகர்லயும் மெட்ரோ வேலை நடக்குது, கஷ்டம் தான், ஆனா மாத்து வழின்னு ஒன்னு சொல்ல முடியுது.

பஸ்ஸும் அப்படித்தான். தெரு சேராத இடத்துக்குள்ள பஸ் போனா அதே வழியா ரிவர்ஸ் எடுத்து திரும்பி வரணும், எந்த டெப்போவும் அந்த ரூட்டை ஓட்டாது. அதனால எல்லாரும் ஒன்றரை கிலோமீட்டர் நடந்து மெயின் ரோட்டுக்கு வரணும், ஆறு மாசத்துல வெறுத்துப் போயி ஒரு ஸ்கூட்டி வாங்கிடுவாங்க. நானும் வாங்கினேன்.

மாசிவீதி:

மதுரைக்காரன் ஒரு வார்த்தை. எங்க ஊர் கோயிலைச் சுத்தி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதின்னு ஒன்னை விட ஒன்னு பெருசா சுத்து சுத்தா போகும். தேர் சுத்தி வரணும்னா வீதி எங்கயும் முட்டக் கூடாது, அதனால ஊரே முட்டாம வளர்ந்துச்சு. 1840-கள்ல கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடிச்சு அகழியைத் தூத்தப்போ அந்த இடத்துல வெளி வீதி வந்துச்சு, அந்த வேலை பாத்த சர்வேயர் பேர்ல மாரட் வீதி, மேஸ்திரி பேர்ல பெருமாள் மேஸ்திரி வீதி இன்னைக்கும் இருக்கு. ஊர் பெருசாகுதுன்னு தெரிஞ்சதும் சுவரை இடிச்சு வீதியாக்கின ஊரு எங்களுது. இப்ப புறநகர்ல வீதியா இருக்க வேண்டிய இடத்துல சுவரு கட்டுறாங்க.

சபர்மதி_ஓரம்:

நான் அகமதாபாத் மணிநகர்ல இருக்கேன், தமிழ் ஆளுங்க நிறைய இருக்குற ஏரியா, வந்து இருபது வருஷம் ஆச்சு. இங்க இதுக்கு ஒரு முறை இருக்கு, டி.பி. ஸ்கீம்னு (டவுன் பிளானிங் ஸ்கீம்) சொல்வாங்க. 1915 பம்பாய் சட்டத்துல ஆரம்பிச்சது, இப்ப 1976 குஜராத் சட்டப்படி நடக்குது. ஊர் விளிம்புல நூறு ஹெக்டேர் அளவுல விவசாய நிலம் எல்லாத்தையும் ஒன்னா ஒரே படமா எடுத்துக்குவாங்க. ஒவ்வொரு நிலத்துக்காரரும் ஒரு பங்கை விட்டுக் கொடுக்கணும், நாப்பது சதவீதம் வரைக்கும் போகும், அதுல ரோடு, பார்க், ஸ்கூல் இடம் எல்லாம் வரும், மிச்ச நிலத்தை ஒழுங்கான சதுரமா திருத்தி அவங்கவங்க பேர்லயே திருப்பிக் கொடுத்துடுவாங்க. நிலம் குறையும், ஆனா ரோட்டு மேல வந்துடும், விலை கூடிடும். யாரையும் ஊரை விட்டு அனுப்பாம 76 கிலோமீட்டர் ரிங் ரோட்டுக்குப் பெரும்பாலும் இப்படித்தான் இடம் எடுத்தாங்க. வருஷக்கணக்கா இழுக்கும், கேஸ் போடுவாங்க, சின்ன நிலத்துக்காரருக்கு நஷ்டம்னு சண்டை வரும், எல்லாம் உண்டு. ஆனா முதல்ல தெரு, அப்புறம் மனை. உங்க ஊர்ல முதல்ல மனை, அப்புறம் தெரு.

சென்னைக்கும் இது புதுசு இல்ல. 1920-ல மெட்ராஸ் டவுன் பிளானிங் சட்டம் வந்தது, அதுக்கப்புறம் தான் பெரிய ஏரி இருந்த இடத்துல தி.நகரையே பார்க்கை நடுவுல வச்சு தெரு தெருவா வரைஞ்சாங்க. ஏரியைத் தூத்தது சரியா தப்பான்னு தனியா பேசணும், எனக்கு அதுல வருத்தம் தான். ஆனா தெரு வரைஞ்ச விதம் சரி. அண்ணா நகரை ஹவுசிங் போர்டு போட்டப்பவும் அவென்யூ, மெயின் ரோடு, குறுக்குத் தெருன்னு முழுசா வரைஞ்சு தான் ஆரம்பிச்சாங்க. ஒரே கை முழு பேட்டையையும் வரைஞ்சா தெரு சேரும், நாப்பது புரமோட்டர் நாப்பது துண்டை வரைஞ்சா சேராது.

படம்வரைஞ்சவன்:

சபர்மதி அண்ணே சொன்னது நூத்துக்கு நூறு. 2022-ல சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டர்ல இருந்து 5,904-க்கு ஏத்தினாங்க. அந்த கூடுதல் நிலத்துல பெரும்பகுதி இன்னைக்கும் வயல், ஏரி, தோப்பு. எத்தியோப்பியால சில ஊர்கள்ல ஷ்லோமோ ஏஞ்சல்னு ஒரு ஆராய்ச்சியாளரோட குழு செஞ்ச வேலை பத்தி படிச்சேன், ஊர் வளரப் போற பக்கம் கிலோமீட்டருக்கு ஒன்னுன்னு 30 மீட்டர் அகலத்துக்கு பெரிய ரோட்டுக்கு இடத்தை மட்டும் முன்னாடியே குறிச்சு வச்சிடுறது, தார் கூட வேண்டாம், மண் ரோடு போதும். தார் எப்ப வேணாலும் போடலாம், இடம் போச்சுன்னா போச்சு. நம்ம கிட்ட அதுக்கு ஆளும் இருக்கு சட்டமும் இருக்கு, சர்வேயர் கல்லு நட்டா போதும். ஒரு மனை வித்துட்டா அப்புறம் அதுல ரோடு எடுக்கிறது எந்த அரசுக்கும் ரொம்ப கஷ்டம், வீடு கட்டினவன் பாவம் எங்க போவான்.

அக்கா, உங்க சுவர் விஷயம். அரசு இணையதளத்துல உங்க சர்வே நம்பர் போட்டா புலப்படம் (நிலத்தோட எல்லை, அளவு காட்டுற சர்வே படம்) இலவசமா வரும். உங்க தெரு முடியுற இடத்துலயும் அந்தப் பக்க சர்வே நம்பர்லயும் ரெண்டு படத்தையும் எடுத்து ஒட்டி வச்சுப் பாருங்க. பழைய வண்டிப்பாதை ஏதாவது அந்தப் பக்கமா போச்சான்னு கிராம வரைபடத்துல தேடுங்க, வயலுக்கு மாட்டு வண்டி போன பாதை நிறைய இடத்துல லேஅவுட்டுக்கு அடியில ஒளிஞ்சு கிடக்கு, அது புறம்போக்கா இருந்தா சட்டப்படி யாரும் அடைக்க முடியாது. அப்புறம் ரெண்டு லேஅவுட்டோட ஒப்புதல் படமும் தான பத்திரமும் தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க, ரோட்டோட நீளம் அடி அடியா எழுதியிருக்கும், டேப் வச்சு அளந்தா அந்த ஒரு அடி துண்டு இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும்.

மாம்பாக்கம்ரோடு:

மூணு வாரம் கழிச்சு எழுதுறேன், மன்னிக்கணும். புலப்படம் எடுத்துப் பாத்தோம். வண்டிப்பாதை இருக்கு, ஆனா எங்க தெரு வழியா இல்ல, நாலு வீடு தள்ளி ஓஎஸ்ஆர் இடத்தோட ஓரமா போயி ஸ்கூலுக்குப் பின்பக்கம் போற மாதிரி கோடு இருக்கு. நேர்ல போயி பாத்தோம், சீமைக் கருவேல முள்ளு மண்டிக் கிடக்கு, ரெண்டு பேர் செங்கல் அடுக்கி வச்சிருக்காங்க, சுவர்னு எதுவும் கட்டல. எங்க அசோசியேஷன்ல அமைதியான_தெரு மாதிரி நினைக்கிறவங்க கிட்ட அந்த தூண் வச்ச திறப்பு யோசனையை சொன்னேன், வண்டி போகாதுன்னா சரின்னு பாதி பேர் ஒத்துக்கிட்டாங்க. அக்டோபர் 2 கிராம சபைல தீர்மானமா வைக்க மனு எழுதியிருக்கோம், பக்கத்து லேஅவுட்ல இருந்தும் பதினேழு பேர் கையெழுத்து போட்டாங்க, இத்தனை வருஷத்துல அவங்க கூட பேசினதே இப்ப தான். தான பத்திர நகலுக்கு தகவல் உரிமை மனுவும் போட்டாச்சு, இன்னும் பதில் வரல. படம்வரைஞ்சவன் தம்பி, சர்வேயர் வந்து பாதையை அளக்க மனு தாலுகா ஆபீஸ்ல தனியா போடணுமா, இல்ல ஊராட்சி மூலமா போடணுமா?

படம்வரைஞ்சவன்:

ரெண்டு பக்கமும் போடுங்க அக்கா. அளக்குற அன்னைக்கு செங்கல் அடுக்கினவங்களையும் கூப்பிட்டு வச்சுக்கங்க, கல்லு எங்க விழுதுன்னு அவங்களும் கண்ணால பாக்கட்டும். நான் மேடவாக்கம் பக்கம் தான் இருக்கேன், தேதி சொன்னா டேப்போட வந்துடுறேன்.